வேடிக்கையா, வித்தையா?

மேடை ஏறுவதற்கு முன்பே முடிந்துவிடும் சண்டைகள்

சுவரில் ஒரு போஸ்டர். ஒரு பக்கம் ஒரு வாலிபன். மறு பக்கம் இன்னொரு வாலிபன். இருவரும் முஷ்டியை மடக்கிக்கொண்டு முறைக்கிறார்கள். நடுவே மின்னல் வெட்டுகிறது. மேலே "மோதிப் பார்!" என்று கொட்டை எழுத்து. கீழே தேதி, இடம், டிக்கெட் விலை.

அம்பத்தூரிலோ, ஆவடியிலோ, பூந்தமல்லியிலோ பஸ்சுக்குக் காத்து நிற்பவர் இப்படி ஒரு போஸ்டரைக் கண்டால் என்ன கேட்பார்? "யார் ஜெயிப்பான்?" என்றுதான் கேட்பார்.

அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. "இந்த இருவரையும் எதிரெதிரே நிறுத்தியவர் யார்?"

அவருடைய படம் போஸ்டரில் இராது. அவர் மேடை ஏறுவதில்லை. குத்து விடுவதில்லை, குத்து வாங்குவதும் இல்லை. ஆனால் சண்டையின் தலையெழுத்தை எழுதுகிறவர் அவர்தான். அவர்தான் ஜோடி சேர்ப்பவர்!

கிராமத்துச் சேவல் சண்டையைப் பார்த்திருக்கிறீர்களா? சேவலைக் கொண்டுவந்த உடனே களத்தில் விட்டுவிட மாட்டார்கள். கையில் தூக்கி எடை பார்ப்பார்கள். பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்ப்பார்கள். முன்பு எத்தனை களம் கண்ட சேவல் என்று விசாரிப்பார்கள். ஜோடி சரியில்லை என்று தோன்றினால், சேவற்காரர் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார்.

சேவலுக்குக் காட்டும் இந்த நியாயம் மனிதனுக்கு வேண்டாமா?

கையும் உண்டு, காலும் உண்டு

'கிக் பாக்சிங்' என்பது பெயரிலேயே விளங்கும். குத்துச் சண்டையில் கைக்கு மட்டுமே வேலை. இதிலோ கையால் குத்தலாம், காலால் உதைக்கலாம். இந்த ஆட்டத்தில் பல பிரிவுகள் உள்ளன. சில பிரிவுகளில் மெல்லத் தொட்டாலே புள்ளி கிடைக்கும். சிலவற்றில் முழு வேகத்தில் அடிக்கலாம். 'கே-1' விதிப்படி நடக்கும் சண்டையில் தொடையில் உதைக்கலாம், முழங்காலாலும் இடிக்கலாம். முழங்கையால் மட்டும் இடிக்கக் கூடாது.

இந்தப் பெயர் 1966-ம் ஆண்டில் ஜப்பான் நாட்டில் பிறந்தது. ஒசாமு நோகுச்சி என்ற பந்தய அமைப்பாளர் வைத்த பெயர் இது. தாய்லாந்து நாட்டின் பழைய சண்டைக் கலையையும், ஜப்பானியக் கராத்தேயையும், மேல்நாட்டுக் குத்துச் சண்டையையும் கலந்து அவர் புது ஆட்டம் ஒன்றை உருவாக்கினார். இந்த விளையாட்டின் உலக அமைப்பான 'வாகோ'வுக்கு, 2021-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி முழு அங்கீகாரம் அளித்தது.

இதில் இரண்டு உலகங்கள் இருப்பதை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, பதக்கத்துக்காக ஆடும் உலகம். அங்கே எடைப் பிரிவு உண்டு. சீட்டுக் குலுக்கி யாருக்கு யார் எதிரி என்று முடிவு செய்வார்கள். சீட்டுக்குக் கண் இல்லை. அதனால் பாரபட்சமும் இல்லை.

மற்றொன்று, பணத்துக்காக ஆடும் உலகம். அங்கே சீட்டு இல்லை. ஓர் ஆள் உட்கார்ந்து, "இவனுக்கு இவன்" என்று எழுதுகிறார். வேடிக்கையும் வித்தையும் கைகலப்பது அந்தக் காகிதத்தின் மேல்தான்!

ஆவடிப் பையனும் பூந்தமல்லிப் பையனும்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆவடியில் ஒரு பையன் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எடை 60 கிலோ. இதுவரை 3 சண்டைகள் போட்டிருக்கிறான். பூந்தமல்லியில் மற்றொருவன். அவனும் 60 கிலோ. ஆனால் 20 சண்டைகள் கண்டவன். தராசில் இருவரும் சமம். மேடையில் சமமா?

இல்லவே இல்லை. மூன்று சண்டை போட்டவன் எதிரியின் காலைப் பார்த்துக்கொண்டிருப்பான். அதற்குள் கை வந்து விழும். இருபது சண்டை கண்டவன் எதையும் குறிப்பாகப் பார்க்க மாட்டான். எல்லாமே அவன் கண்ணுக்குத் தெரியும். தேர்ந்த டிரைவர் ரோட்டைப் பார்ப்பதுபோல!

ஆகவே எடை ஒன்று மட்டும் போதாது. வயது, உயரம், கை நீளம், எத்தனை சண்டை, அவற்றில் எதிரிகள் யார் யார், கடைசியாக எப்போது அடிபட்டு விழுந்தான், பயிற்சிக்கு எத்தனை வாரம் கிடைத்தது என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். எடையிலும் ஒரு சூது உண்டு. முதல் நாள் தராசில் ஏறுவதற்காகத் தண்ணீர் குடிக்காமல் உடம்பை வற்ற வைப்பார்கள். தராசிலிருந்து இறங்கியதும் குடித்துத் தின்று உடம்பை ஏற்றிக்கொள்வார்கள். காகிதத்தில் 60 கிலோ. மேடையில் 65 கிலோ!

1960களில் தோன்றிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பிடிக்கும் தொழிலாளியைக் கேளுங்கள். மில்லி மீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் உதிரிப் பாகம் சேராது என்பார். ஆவடியில் ராணுவத்துக்கு டாங்கி செய்கிறார்கள். பெயின்ட் பளபளக்கிறது என்பதற்காக எந்த டாங்கியும் பட்டாளத்துக்குப் போய்விடாது. ஓட்டிப் பார்த்த பிறகுதான் போகும். இரும்புக்கே இவ்வளவு அளவும் சோதனையும் உண்டு என்றால், எலும்புக்கு எவ்வளவு வேண்டும்!

சென்னை கண்ட காட்சி

வேடிக்கைக்கும் வித்தைக்கும் உள்ள வித்தியாசம் சென்னை ஜனங்களுக்குப் புதிதல்ல.

1950களில் கிங்காங், தாரா சிங் என்ற பெயர்களைக் கேட்டாலே ஊர் திரண்டது. கிங்காங் ஹங்கேரி நாட்டில் பிறந்தவர். மலை போன்ற உடம்பு. தாரா சிங் பஞ்சாபின் மைந்தர். குஸ்திப் பந்தயம் என்றால் சிறுவர்கள் சோறு தண்ணீரை மறந்தார்கள். தொழில்முறைக் குஸ்தி உலகெங்கும் பெரும்பாலும் முடிவை முன்கூட்டியே பேசிக்கொண்டு நடத்தும் காட்சி என்பது பிற்காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதனால் அதைப் பழிப்பதற்கு இல்லை. 100 கிலோவுக்கு மேற்பட்ட ஆளைத் தலைக்கு மேல் தூக்கி, காயம் படாமல் கீழே போடுவதும் ஒரு வித்தைதான்.

அதே நகரத்தின் வடக்கே வேறொரு காட்சி. "ரோசமான ஆங்கிலக் குத்துச் சண்டை" என்று நோட்டீஸ் அடித்து, சார்பட்டா பரம்பரையும் இடியாப்ப நாயக்கர் பரம்பரையும் மோதிய காட்சி. அங்கே யாரும் முடிவைப் பேசி வைத்துக்கொள்ளவில்லை. பேசி வைத்தால் பேட்டையில் தலை காட்ட முடியுமா? பரம்பரையின் மானம் ஒவ்வொரு குத்திலும் இருந்தது. அந்த ரோசமே எல்லை மீறிக் கலவரமாகவும் வெடித்தது. கடைசியில் அந்தப் பந்தயங்கள் ஓய்ந்தன. 2021-ம் ஆண்டில் 'சார்பட்டா பரம்பரை' என்ற படம் வந்தபோதுதான், இப்படி ஒரு வீர வரலாறு இருந்ததை இளைஞர்களில் பலர் அறிந்தார்கள்.

இவை இரண்டுக்கும் நடுவே மூன்றாவது காட்சி ஒன்று உண்டு. 1980-ம் ஆண்டின் தொடக்கத்தில் உலகப் புகழ் பெற்ற முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் மேடை ஏறினார். அவருக்கு எதிரே நின்றவர் ஜிம்மி எல்லிஸ். இவரும் முன்னாள் உலக சாம்பியன். இருவரும் அமெரிக்காவில் லூயிவில் என்ற ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள். சிறு வயது முதலே சிநேகிதர்கள்.

இந்த இருவரும் 1971-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஹூஸ்டன் நகரில் நிஜமாகவே மோதியவர்கள்! அன்று சிநேகிதம் மேடைக்கு வெளியே நின்றது. 12-வது ரவுண்டில் அலி வென்றார். சென்னையில் நடந்ததோ கண்காட்சிச் சண்டை. அலி ஆடினார், சிரித்தார், சிரிக்க வைத்தார். ஜனங்கள் மகிழ்ந்து வீடு திரும்பினார்கள்.

அதே இரண்டு பேர். அதே கையுறை. ஒன்று வித்தை, ஒன்று வேடிக்கை. சென்னையில் யாரும் ஏமாறவில்லை. ஏன்? கண்காட்சி என்று சொல்லியே நடத்தினார்கள். வேடிக்கையில் குற்றம் இல்லை. வேடிக்கையை வித்தை என்று சொல்லி விற்பதில்தான் குற்றம்!

யானைக்கு எதிரே நின்றவர்

கிக் பாக்சிங் பிறந்த ஜப்பானிலேயே இந்த இரண்டும் எப்படி மல்லுக்கட்டின என்று பாருங்கள்.

தடாஷி சவாமுரா என்ற கராத்தே வீரர்தான் அந்த நாட்டில் கிக் பாக்சிங்கின் முதல் நட்சத்திரம். 1966-ம் ஆண்டிலேயே, தாய்லாந்தின் முன்னணி வீரர் ஒருவருக்கு எதிரே அவரை நிறுத்தினார்கள். என்ன ஆயிற்று தெரியுமா? 16 முறை கீழே விழுந்தார்! 4-வது ரவுண்டில் சண்டை முடிந்தது. கராத்தேயில் பெற்ற புகழ் அந்த மேடையில் கை கொடுக்கவில்லை.

பிற்பாடு 1993-ம் ஆண்டில் 'கே-1' என்ற பெரும் பந்தயம் தொடங்கியது. உலகின் தலைசிறந்த கிக் பாக்சிங் வீரர்கள் அங்கே கூடினார்கள். அவர்களில் ஒருவர் எர்னெஸ்டோ ஹூஸ்ட். ஹாலந்து நாட்டவர். 'மிஸ்டர் பெர்பெக்ட்' என்று அவருக்குப் பட்டப் பெயர். கை, கால் இரண்டையும் கணக்குப் பிள்ளைபோல அளந்து பயன்படுத்துவார்.

2002-ம் ஆண்டில் அவருக்கு எதிரே பாப் சாப் என்பவரை நிறுத்தினார்கள். இவர் அமெரிக்கக் கால்பந்து ஆடிவிட்டு வந்தவர். கிக் பாக்சிங்கில் கற்றுக்குட்டி. ஆனால் உடம்போ 150 கிலோவைத் தாண்டும்! ஹூஸ்டைவிட மிகவும் அதிகம். ஜப்பான் டெலிவிஷனில் எங்கே திருப்பினாலும் சாப் முகம்தான்.

அக்டோபரில் முதல் மோதல். யானை பாய்ந்தது. ஹூஸ்டுக்குக் காயம், சண்டையை நிறுத்தினார்கள். டிசம்பரில் டோக்கியோ நகரில் மறு மோதல். மறுபடியும் சாப்புக்கே வெற்றி! வித்தை தோற்றது, எடை வென்றது. ரசிகர்கள் கூத்தாடினார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அடித்த அடியில் சாப்பின் கை முறிந்துவிட்டது. அதே இரவில் நடக்க வேண்டிய அடுத்த சுற்றில் அவரால் ஆட முடியவில்லை. தோற்ற ஹூஸ்டையே மறுபடி அழைத்தார்கள். 37 வயது ஹூஸ்ட் திரும்பி வந்தார். அடுத்தடுத்து இரண்டு பேரை வென்று, அன்றிரவே நான்காம் முறையாகப் பட்டத்தைச் சூடினார்!

மறு ஆண்டு மார்ச் மாதத்தில், குரோஷிய நாட்டின் மிர்கோ என்ற வீரர் சாப்பை முதல் ரவுண்டிலேயே வீழ்த்தினார். கண்ணுக்குக் கீழே ஒரே குத்து, எலும்பு முறிந்தது. மிர்கோவின் எடை ஏறக்குறைய 100 கிலோதான்.

பாப் சாப்பின் பேரில் தப்பு இல்லை. கற்றுக்குட்டியைக் கரை கண்டவர்கள் நடுவே தள்ளியது ஜோடி சேர்த்தவர்களின் காகிதம். கூட்டம் சேர்ந்தது, பணம் சேர்ந்தது. முறிந்த கையும் முறிந்த எலும்பும் யாருடையவை?

அழுத வாலிபன், அடைந்த வெற்றி

2018-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி. ஜப்பானின் சைதாமா நகரம். டென்ஷின் நாசுகாவா என்ற 20 வயது வாலிபர் மேடையில் நிற்கிறார். கிக் பாக்சிங்கில் தோல்வியே அறியாதவர். அவருக்கு எதிரே, குத்துச் சண்டையில் 50 பந்தயங்களில் 50-ம் வென்ற அமெரிக்கர் பிளாய்ட் மேவெதர்.

நிபந்தனை என்ன? உதைக்கக் கூடாது! கிக் பாக்சிங் வீரரிடமிருந்து 'கிக்'கைப் பிடுங்கிக்கொண்டார்கள். எடையிலும் மேவெதர் 4 கிலோவுக்கு மேல் அதிகம். நீச்சல்காரனைக் கரையில் ஓடவிட்டு, ஓட்டக்காரனோடு பந்தயம் கட்டியதுபோல!

முதல் ரவுண்டிலேயே மூன்று முறை வாலிபர் விழுந்தார். அவருடைய தரப்பினரே சண்டையை நிறுத்தினார்கள். வாலிபர் மேடையில் நின்று அழுதார். மேவெதர் சிரித்துக்கொண்டே விடைபெற்றார். அவருக்கு அது ஒரு பொழுதுபோக்கு.

இனி, மூன்றரை ஆண்டு தள்ளி வாருங்கள். 2022-ம் ஆண்டு ஜூன் 19-ந் தேதி. டோக்கியோ டோம் அரங்கம். அதே நாசுகாவா. இம்முறை எதிரே நின்றவர் தகேரு. அவரும் ஜப்பானியர், அவரும் கிக் பாக்சிங் வீரர், அவரும் ஒரே ஒரு முறைதான் தோற்றவர். இருவரும் வெவ்வேறு பந்தயக் கம்பெனிகளைச் சேர்ந்தவர்கள். கம்பெனிகள் ஒத்துப் போகாததால் ஆண்டுக்கணக்கில் இந்தச் சண்டை தள்ளிப் போயிற்று.

ஒருவர் எடை குறைந்தவர்; மற்றவர் எடை கூடியவர். எப்படி ஜோடி சேர்த்தார்கள்? பேசிப் பேசி நடு வழி கண்டார்கள். முதல் நாள் தராசில் 58 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. சண்டை நாளிலும் மறுபடி தராசு. 62 கிலோவுக்கு மேல் ஏறக் கூடாது. முன்பு சொன்ன சூதுக்கு வழியே இல்லை!

அன்று அரங்கில் கூடியவர்கள் 56 ஆயிரத்து 399 பேர். மூன்றே ரவுண்டு. முதல் ரவுண்டில் நாசுகாவா தகேருவை ஒரு முறை வீழ்த்தினார். தகேரு சிரித்தபடியே எழுந்து கடைசி வரை பாய்ந்தார். ஐந்து நடுவர்களும் நாசுகாவாவுக்கே வெற்றி அளித்தார்கள். தோற்றவரையும் ஜனங்கள் கொண்டாடினார்கள்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. "வித்தையை மட்டும் நம்பினால் டிக்கெட் விற்காது" என்று பந்தயம் நடத்துவோர் சொல்வது வழக்கம். அந்தப் பேச்சில் பாதி உண்மை உண்டு. விளக்கும் வேண்டும், பாட்டும் வேண்டும், போஸ்டரும் வேண்டும். கூட்டம் இல்லாவிட்டால் சண்டை போடும் பையனுக்குப் பஸ் சார்ஜ்கூடக் கிடைக்காது. ஆனால் சரியான ஜோடியைக் காட்டிலும் பெரிய வேடிக்கை எது? முடிவு யாருக்கும் தெரியாது என்பதைவிடச் சிறந்த விளம்பரம் எது?

சின்னப் படத்துக்காரன்

தப்பான ஜோடி சேர்ப்பதில் மூன்று வழிகள் உண்டு. முதலாவது, வாழைத் தண்டு வெட்டுவது. பெரிய வீரன் என்று ஒருவனை வளர்ப்பதற்காக, தோற்பதற்கென்றே ஆட்களைப் பிடித்து வருவது. இரண்டாவது, கடைசி நேரத்து மாற்று ஆள். எதிரி வராவிட்டால், "நீ ஏறு" என்று பயிற்சியில்லாத பையனைத் தள்ளிவிடுவது. மூன்றாவது, வேறு துறையில் பெயர் வாங்கியவரை அந்தப் பெயருக்காகவே மேடை ஏற்றுவது.

மூன்றிலும் அடி வாங்குகிறவன் ஒருவன்தான். போஸ்டரில் யாருடைய படம் சின்னதாக இருக்கிறதோ, அவன்! அவனுக்குத் தரும் பணமும் சின்னது. அவன் விழுந்தால் தூக்க ஆள் உண்டா என்று கேட்பவர்களும் குறைவு.

இது விளையாட்டு விஷயம் அல்ல. 2022-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் பெங்களூரில் நடந்த ஒரு கிக் பாக்சிங் போட்டியில், முகத்தில் குத்துப் பட்டு ஓர் இளைஞர் மேடையிலேயே சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் அவர் உயிர் பிரிந்தது. முதலுதவிக்குத் தக்க ஏற்பாடு இல்லை என்று குடும்பத்தார் முறையிட்டார்கள். போலீசார் வழக்குப் பதிவு செய்தார்கள். ஜோடி சேர்ப்பவரின் பொறுப்பு இரண்டு பெயர் எழுதுவதோடு தீர்ந்துவிடவில்லை; மேடைக்குப் பக்கத்தில் டாக்டர் நிற்கிறாரா, வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கிறதா என்பதும் அவர் பார்க்க வேண்டிய கணக்கில் சேர்ந்ததுதான்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில், மாலை ஷிப்டு முடிந்தோ, கல்லூரி விட்டோ, கையுறையைத் தோளில் தொங்கவிட்டுப் பயிற்சிக்குப் போகும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். போகட்டும். உடம்புக்கு உறுதி, மனசுக்கு அடக்கம். பெண் பிள்ளைகளும் தாராளமாகக் கற்கலாம்.

ஆனால், "அப்பா, எனக்கு ஒரு சண்டை வந்திருக்கிறது" என்று பிள்ளை வந்து சொன்னால், பணம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். எதிரி யார்? எத்தனை சண்டை கண்டவன்? எடை எப்போது பார்ப்பார்கள்? எந்த விதி? நடுவர் யார்? டாக்டர் உண்டா? இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால், சேவற்காரர் செய்வதைச் செய்யுங்கள். ஜோடி சரியில்லை என்று சொல்லி, பிள்ளையை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். அதில் அவமானம் இல்லை.

டிக்கெட் வாங்குகிறவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. போஸ்டருக்கு முன் நிற்கும்போது, பெரிய படத்தை ஒரு நிமிஷம் மறந்துவிட்டு, சின்னப் படத்தைப் பாருங்கள். "இவன் ஜெயிக்க முடியுமா?" என்று உங்களையே கேளுங்கள்.

முடியும் என்றால், அது சண்டை. காசு கொடுத்துப் பார்க்கலாம்.

முடியாது என்றால், அது ஒரு பிள்ளையை அடிப்பதை வேடிக்கை பார்ப்பது. அதற்கு டிக்கெட் வாங்குவானேன்?